சி.வி.டி. காரும் அதற்குள் இருக்கும் கம்ப்யூட்டரும்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கமெல்லாம் கிளட்ச் இல்லாத கார்கள் பெருகிவிட்டன. அவற்றில் சி.வி.டி. (படிகள் இல்லாமல் விகிதம் மாறும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) வண்டி வைத்திருப்பவர்கள்தான் பட்டறைக்கு வந்து அதிகம் கேட்கிறார்கள், அதிகம் பயப்படவும் செய்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. எண்கள் வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், அடிப்படை மாறாது.

சி.வி.டி. என்றால் உள்ளே கியரே கிடையாதா?

முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகள் கிடையாது. இரண்டு புல்லி, நடுவில் ஒரு பெல்ட். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக நிற்கும் இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. ஒரு தட்டு அசையாது, இன்னொன்றை ஆயில் அழுத்தம் தள்ளும். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். விலகினால் தண்டை நோக்கி இறங்கும். இன்ஜின் பக்கப் புல்லியில் பெல்ட் இறங்கியும் சக்கரப் பக்கப் புல்லியில் ஏறியும் இருந்தால் இழுவை அதிகம், வேகம் குறைவு. மாறி இருந்தால் டாப் கியர் மாதிரி. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் பெல்ட் நிற்கலாம்.

பெல்ட் என்றதும் ரப்பரை நினைக்க வேண்டாம். சுமார் 400 சிறு எஃகுத் துண்டுகளை, மிக மெல்லிய எஃகு வளையங்களை அடுக்கிச் செய்த இரண்டு பட்டைகளில் நெருக்கமாகக் கோத்திருப்பார்கள். அது இழுத்து வேலை செய்வதில்லை. ஒரு துண்டு அடுத்த துண்டைத் தள்ள, அந்தத் தள்ளு விசையில்தான் கார் ஓடுகிறது. ஆடியின் பழைய மல்டிட்ரானிக், சுபாருவின் லீனியர்ட்ரானிக் போன்றவற்றில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருக்கும்.

ரிவர்ஸ் எடுக்க மட்டும் தனியாக ஒரு பிளானட்டரி கியர் தொகுதி உண்டு. இன்ஜினுக்கும் இதற்கும் நடுவில், ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் பெரும்பாலும் இருக்கும்.

எங்கள் வீட்டு ஸ்கூட்டரிலும் இதேதானே இருக்கிறது? அதில் கம்ப்யூட்டர் எதுவும் இல்லையே?

இதேதான். ஸ்கூட்டரில் இன்ஜின் சுற்ற ஆரம்பித்ததும் வேரியேட்டருக்குள் இருக்கும் ரோலர்கள் மையவிலக்கு விசையில் வெளியே நகர்ந்து தட்டைத் தள்ளும். பின் புல்லியில் ஒரு ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். அவ்வளவுதான். காரில் பரவலாக விற்ற முதல் சி.வி.டி.யும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது: நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி 1958இல் காட்டிய டாஃப் 600 என்ற சின்ன காரில் ரப்பர் பெல்ட், மையவிலக்கு எடைகள், இன்ஜின் வெற்றிட அழுத்தம், இவைதான் விகிதத்தை (ஒரு புல்லி சுற்றும் வேகத்துக்கு இன்னொன்று எவ்வளவு சுற்றுகிறது என்பதை) தீர்மானித்தன. 1987இல் சுபாரு ஜஸ்டியில் எஃகு பெல்ட் வந்தது; அதில் கிளட்சை மின்காந்தத்தால் இயக்கினார்கள். அதற்குப் பிறகுதான் விகிதம், அழுத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் கைக்குப் போயின. நம் ஊரில் 2014இல் வந்த ஹோண்டா சிட்டி, 2015இல் வந்த பலேனோ போன்றவற்றால்தான் சி.வி.டி. நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கமானது.

ஸ்கூட்டருக்கு ரோலர் போதும். ஒன்றேகால் டன் காரை, ஐந்து பேர், ஏ.சி., டிக்கி நிறைய சீர்வரிசைச் சாமானோடு கிளப்பும்போது ஸ்பிரிங்கை நம்ப முடியாது. காரணம் அடுத்த பதிலில்.

கம்ப்யூட்டரின் வேலை கியர் மாற்றுவது மட்டும்தானே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விகிதத்தை மாற்றுவது அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை, பெல்ட் வழுக்காமல் பார்த்துக்கொள்வது. இதைப் புரிந்துகொண்டால் சி.வி.டி. காட்டும் வினோதங்களில் முக்கால்வாசிக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

பழைய ரைஸ்மில்லில் பட்டை பெல்ட் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். லோடு ஏறும்போது பெல்ட் தொய்வாக இருந்தால் கிறீச்சென்று வழுக்கும். ரப்பர் வழுக்கினால் சத்தம், கொஞ்சம் புகை, அப்புறம் பெல்ட்டை இறுக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். சி.வி.டி.யில் வழுக்குவது எஃகு மேல் எஃகு. கண்ணாடி மாதிரி இருக்கும் புல்லித் தட்டில் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் பெல்ட் மறுபடி வழுக்கும், உதிர்ந்த இரும்புத்தூள் ஆயிலில் கலந்து வால்வுகளில் போய் உட்காரும். அதன்பின் மீட்க வழியில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தட்டின் சாய்வு 11 டிகிரி. ஆயிலில் நனைந்த எஃகும் எஃகும் உரசும்போது உராய்வுக் கெழு 0.09 அளவுதான். 110 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை) தரும் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், பெல்ட் 35 மி.மீ. ஆரத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழுக்காமல் பிடிக்க, தட்டைத் தள்ள வேண்டிய விசை சுமார் 17,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 1.7 டன் பாரம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க் கன்வர்ட்டர் டார்க்கைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கும். அப்போது மூன்று டன்னைத் தாண்டும். கையகலப் புல்லிக்குள் இவ்வளவு விசை. அதனால்தான் உள்ளே ஆயில் அழுத்தம், முழு விசையில், பல பத்து பார் வரை போகிறது. உங்கள் டயரில் இருப்பது இரண்டேகால் பார்தான்.

அப்படியானால் எப்போதுமே முழு அழுத்தம் கொடுத்துவிட்டால் என்ன? பம்ப்பைச் சுற்றுவது இன்ஜின்தான், எனவே மைலேஜ் அடிபடும். பெல்ட் வளையங்களும் சீக்கிரம் களைத்துவிடும். அதனால் தேவைக்கு மேல் 20, 30 சதவீதம் மட்டும் கூடுதலாக வைத்து, டார்க் ஏற ஏற அழுத்தத்தை ஏற்றி, இறங்க இறங்க இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நொடிக்குப் பலமுறை. கம்ப்யூட்டர் இல்லாமல் இது நடக்காது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது?

அதன் பெயர் டி.சி.எம். சில வண்டிகளில் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும், சிலவற்றில் டேஷ்போர்டுக்குள். அதற்கு நேரடியாக வரும் தகவல்கள்: இரண்டு புல்லிகளின் சுற்று வேகம், ஆயில் அழுத்தம், ஆயில் சூடு, லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. மீதியைக் கேன் எனப்படும் இரண்டு கம்பி வலையில் மற்ற கம்ப்யூட்டர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தீர்கள், இன்ஜின் இப்போது எவ்வளவு டார்க் தருகிறது, ஏ.சி. கம்ப்ரசர் ஓடுகிறதா என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்லும். சக்கரங்களின் வேகத்தை ஏ.பி.எஸ். சொல்லும்.

இதில் டார்க் விவரம்தான் உயிர்நாடி. பெரும்பாலான வண்டிகளில் டார்க்கை அளக்க உள்ளே சென்சார் எதுவும் கிடையாது. உள்ளே போகும் காற்று, ஸ்பார்க் நேரம் இவற்றை வைத்து இன்ஜின் கம்ப்யூட்டர் போடும் கணக்கை டி.சி.எம். அப்படியே நம்புகிறது. அதை வைத்துத்தான் பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று முடிவெடுக்கிறது.

டர்போ வண்டிக்கு 'பவர் ஏற்றும் பெட்டி' வாங்கி மாட்டலாமா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். அந்தப் பெட்டி சென்சார் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டித்தான் பவரை ஏற்றுகிறது. இன்ஜின் 150 கொடுக்கும், டி.சி.எம்.முக்கு 120 என்று செய்தி போகும், பெல்ட் 120க்கான இறுக்கத்தில் நிற்கும். மேனுவல் வண்டியில் மாட்டினால் அது உங்கள் விருப்பம். சி.வி.டி.யில் மாட்டவே மாட்டாதீர்கள்.

முடிவெடுத்ததும் டி.சி.எம். அதைச் சொலினாய்டுகள் வழியாக நிறைவேற்றும். வால்வ் பாடியில் (ஆயில் பாதைகளும் வால்வுகளும் உள்ள தொகுதி) உட்கார்ந்திருக்கும் சின்ன மின்காந்தங்கள் அவை. கரண்டைக் கூட்டிக் குறைத்து, மொத்த அழுத்தம், ஒவ்வொரு புல்லிக்கும் போகும் அழுத்தம், கன்வர்ட்டர் லாக்கப் (கன்வர்ட்டர் வழுக்காமல் பூட்டிக்கொள்வது) ஆகியவற்றை ஆளும். பழைய சில நிசான் கியர்பாக்ஸ்களில் விகிதத்தை ஒரு ஸ்டெப்பர் மோட்டார் நகர்த்தியது. இங்கே ஒரு நல்ல ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். பல கியர்பாக்ஸ்களில் மொத்த அழுத்தச் சொலினாய்டுக்குக் கரண்ட் நின்றுவிட்டால் அழுத்தம் குறையாது, முழுதாக ஏறும். வயர் அறுந்தாலும் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வண்டி நிற்கும். லீவரை டி.யில் (முன்னோக்கி ஓட்டும் நிலை) போட்டதும் டொக்கென்று இடித்தால் சில நேரம் இதுதான் காரணம்.

பஸ்ஸை ஓவர்டேக் பண்ண மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி அப்புறம்தான் போகிறது. கோளாறா?

கோளாறு இல்லை. தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் வழியாகக் கும்பகோணம் வருகிறீர்கள், முன்னால் பஸ், 60இல் போகிறீர்கள். அந்த நேரத்தில் ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டிப் பார்த்தால் ஒரு சின்ன காரில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: இன்ஜின் பக்கப் புல்லி நிமிடத்துக்கு 1,300 சுற்று, சக்கரப் பக்கப் புல்லி 2,850. ஒன்றை ஒன்றால் வகுத்தால் விகிதம் 0.46. பெட்ரோல் மிச்சம் பிடிக்க டி.சி.எம். வண்டியை அதன் கடைசி எல்லையில் உருட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது மிதிக்கிறீர்கள். டி.சி.எம்.முக்குள் ஒரு வரைபடம் உண்டு: இந்த வேகம், இவ்வளவு மிதி என்றால் இன்ஜின் இத்தனை சுற்று இருக்க வேண்டும் என்று. அது 3,500 என்கிறது. சக்கரப் பக்கப் புல்லி காரின் எடையோடு கட்டப்பட்டது, அது சட்டென்று மாறாது. ஆகவே விகிதத்தை 0.46இலிருந்து 1.23க்கு இழுத்து, இன்ஜினை மேலே ஏற்ற வேண்டும். அதற்கு ஆயில் ஓட வேண்டும், பெல்ட் நகர வேண்டும், நகரும்போது வழுக்காமல் அழுத்தத்தையும் ஏற்ற வேண்டும். இன்ஜினைச் சுழற்றி மேலே கொண்டுபோகவே இன்ஜின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். அந்த ஒரு நொடிதான் உங்களுக்குச் சத்தம் மட்டும் கேட்கிறது.

மேனுவல் ஓட்டிய காதுக்குச் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். அதற்காகவே புது வண்டிகளில் பலமாக மிதித்தால் ஆர்.பி.எம்.மை (இன்ஜினின் நிமிடச் சுற்றை) படிப்படியாக ஏற்றி இறக்கி, கியர் மாறுவது போலக் காட்டும்படி புரோகிராம் எழுதுகிறார்கள். உள்ளே படி எதுவும் இல்லை, ஓட்டுநர் மனத்திருப்திக்குத்தான். ஒரே ஆர்.பி.எம்.மில் நின்று முடுக்குவதுதான் உண்மையில் வேகமானது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வில்லியம்ஸ் அணி 1993இல் சி.வி.டி. பொருத்திச் சோதித்தது. ஆனால் 1994 விதிகள் அதைத் தடுத்துவிட்டதால் பந்தயத்துக்கு வரவே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: ஓவர்டேக்குக்கு முன்பே கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு மிதித்து ஆர்.பி.எம். ஏறியதும் வெளியே எடுங்கள். அல்லது முன்கூட்டி எஸ் மோடுக்கு மாற்றுங்கள். எதிரே மணல் லாரி வரும்போது அடிமட்டம் மிதித்துவிட்டு வண்டி வரவில்லை என்று பதறுவது இரு வழிச் சாலையில் ஆபத்து.

லீவரில் இருக்கும் எஸ், எல் எல்லாம் எதற்கு?

எஸ் போட்டால் அதே வரைபடத்தில் இலக்கு ஆர்.பி.எம். உயரும், அவ்வளவே. எல் போட்டால் விகிதம் இழுவைப் பக்கமே நிற்கும். டெல்டாவில் ரயில்வே மேம்பாலத்தை விட்டால் மேடு ஏது? ஆனால் கொடைக்கானல் போய் இறங்கும்போது எல் அல்லது எஸ் போடாமல் பிரேக்கிலேயே இறங்காதீர்கள்.

வயல் பாதையில் சேற்றில் சிக்கினால்?

இந்த ஊருக்கு இது முக்கியமான கேள்வி. ஆக்சிலரேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழலவிட்டு வெளியே எடுக்கப் பார்ப்பார்கள் எல்லோரும். சேற்றில் சுழலும் சக்கரம் திடீரென்று காய்ந்த தரையையோ கல்லையோ பிடித்தால், அந்த அதிர்ச்சி சக்கரப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பெல்ட்டுக்கு வருகிறது. டி.சி.எம்.முக்கு இன்ஜின் பக்க டார்க் முன்கூட்டித் தெரியும், தரையிலிருந்து வரும் அடி தெரியாது. சக்கர வேகம் தாறுமாறாக ஏறுவதை ஏ.பி.எஸ். வழியாகப் பார்த்து இன்ஜினைக் குறைக்கச் சொல்லவும் அழுத்தத்தை ஏற்றவும் முயலும். ஆனால் ஆயில் அழுத்தம் ஏறுவதைவிட அடி வேகமாக வந்துவிடும்.

ஆகவே சக்கரத்துக்கு முன்னால் வைக்கோலோ, சாக்கோ, பலகையோ போட்டு, மெதுவாக மிதித்து ஊர்ந்து வெளியே எடுங்கள். டி.யும் ஆரும் (ரிவர்ஸ்) மாற்றி மாற்றி ஆட்டி எடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். செய்தே ஆக வேண்டும் என்றால் வண்டி முழுதும் நின்ற பிறகு மாற்றுங்கள்.

டிராக்டரில் கட்டி இழுத்து வரலாமா?

சேற்றிலிருந்து நாலடி வெளியே எடுக்க, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, என்.இல் (நியூட்ரல்) வைத்து இழுக்கலாம். ஆனால் பழுதான வண்டியை மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு முன்சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுக்கக் கூடாது. ஆயில் பம்ப் இன்ஜின் சுற்றினால்தான் சுற்றும். இன்ஜின் செத்திருக்கும்போது சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே ஆயிலும் இல்லை, பிடிமானமும் இல்லை, எஃகு மட்டும் உரசிக்கொண்டிருக்கும். பெரும்பாலான கையேடுகள் இதைத் தெளிவாகத் தடை செய்திருக்கின்றன. நாலு சக்கரமும் மேலே ஏற்றும் லாரியைக் கூப்பிடுங்கள், அல்லது முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கட்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வது என்ற பேச்சே கிடையாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய சாலையில் போகலாமா?

சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் என்றால் திரும்பிவிடுங்கள். கியர்பாக்ஸுக்கு மேலே மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. சூடான பெட்டி திடீரென்று தண்ணீரில் குளிர்ந்தால் அதன் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பால் மாதிரி வெளுக்கும், மேலே சொன்ன 0.09 உராய்வு கெடும், பெல்ட் வழுக்கும். அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை. உப்புக் காற்றில் கனெக்டர் பின்கள் பச்சை பூத்துவிடும். சென்சார் சரியாக இருக்கும், சிக்னல் வராது.

அறுவடை முடிந்த சமயத்தில் திடீரென்று விளக்கு எரிந்து வண்டி வேகமே எடுக்கவில்லை. கியர்பாக்ஸ் பெட்டி போய்விட்டதா?

முதலில் எலியைத் தேடுங்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வருகின்றன. நிறுத்திய காரின் இன்ஜின் பெட்டி அவற்றுக்குக் கதகதப்பான இடம். கியர்பாக்ஸ் மேலே போகும் வயர்கள் வாய்க்கு வாகாக இருக்கின்றன.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. வேறொரு இடத்தில் பெட்டியையே மாற்றச் சொல்லி, லட்சத்தைத் தாண்டும் செலவு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஸ்கேனரில் சக்கரப் பக்கப் புல்லியின் வேகம் 1,900, 0, 1,900, 0 என்று குதித்தது. ஓடும் காரில் ஒரு புல்லி நொடிக்கு நொடி நின்று நின்று சுற்றாது. ஏர் ஃபில்ட்டர் டப்பாவைக் கழற்றினால் கீழே நெல் உமி, அதற்குப் பக்கத்தில் சென்சார் வயரின் தோல் உரிந்து செம்பு தெரிகிறது, அதில் வரிசையாகப் பல் தடம். இரண்டு இழைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. வயரை வெட்டி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டதும் வண்டி பழையபடி ஓடியது.

புல்லி வேகம் தெரியாவிட்டால் விகிதம் தெரியாது, விகிதம் தெரியாவிட்டால் எவ்வளவு இறுக்குவது என்று தெரியாது. அப்போது டி.சி.எம். அழுத்தத்தை உயர்த்தி, விகிதத்தை ஓரிடத்தில் நிறுத்தி, இன்ஜின் டார்க்குக்குக் கடிவாளம் போடும். வண்டி ஊர்ந்து வீடு வந்து சேரும். அதை 'பெட்டி செத்துவிட்டது' என்று படிக்கக் கூடாது. பெட்டி சாகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறது.

ஸ்கேனரில் வரும் கோடுகளுக்கு (பழுதைக் காட்டும் குறியீட்டு எண்கள்) என்ன அர்த்தம்?

பி0715 என்றால் உள்ளே வரும் சுற்று வேகச் சென்சார் வட்டம், பி0720 என்றால் வெளியே போகும் வேகச் சென்சார் வட்டம். இரண்டும் பெரும்பாலும் வயர், கனெக்டர், சென்சார் விவகாரம். பி0218 ஆயில் அளவுக்கு மேல் சூடு. யு0100, யு0101 என்று யு.வில் ஆரம்பித்தால் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசவில்லை. பேட்டரி, எர்த், ஃபியூஸ், கேன் வயர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கவலைப்பட வேண்டியது பி0868. அழுத்தம் கேட்ட அளவுக்கு வரவில்லை என்று அர்த்தம். ஆயில் குறைவா, ஃபில்ட்டர் அடைப்பா, வால்வ் பாடி தேய்மானமா, பம்ப்பா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இந்தக் கோடு இருக்கும்போது 'கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாம்' என்று ஓட்டாதீர்கள்.

அந்தக் குறியீட்டை அழித்துக் கொடுப்பது ரிப்பேர் அல்ல. அழிப்பதற்கு முன் அந்த நேரத்தில் பதிவான வேகம், சூடு, அழுத்தம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். மெக்கானிக் அதைப் பார்க்காமலே பெட்டியைக் கழற்றப் போனால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஆயில் எப்போது மாற்றுவது? ஏ.டி.எஃப். ஊற்றலாமா?

ஊற்றவே கூடாது. சாதாரண ஆட்டோமேட்டிக்கின் ஆயில் வேறு, இது வேறு. வழுவழுப்பும் வேண்டும், அதே நேரம் எஃகும் எஃகும் பிடிக்கவும் வேண்டும், சி.வி.டி. ஆயிலின் கலவையே அதற்காகத்தான். ஹோண்டாவில் எச்.சி.எஃப்.-2, நிசானில் என்.எஸ்.-3 என்று கம்பெனி எதைச் சொல்கிறதோ அதுதான். டி.சி.எம்.மின் அழுத்தக் கணக்கு முழுவதும் அந்த ஆயிலின் உராய்வை வைத்தே எழுதப்பட்டது.

எப்போது என்பதற்குக் கையேட்டைப் பாருங்கள்; அதில் 'கடினப் பயன்பாடு' என்று தனி வரி இருக்கும், நம் வெயிலுக்கும் ஊர்ந்து போகும் போக்குவரத்துக்கும் அந்த வரிதான் பொருந்தும். சில வண்டிகளின் டி.சி.எம். ஆயில் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்று கணக்கு வைத்திருக்கும். ஸ்கேனரில் அந்த எண்ணைப் படிக்கலாம், ஆயில் மாற்றியதும் பூஜ்யமாக்க வேண்டும். அளவு பார்ப்பது குறிப்பிட்ட சூட்டில், வண்டி சமதரையில் நிற்கும்போது. கூடினாலும் நுரைக்கும், குறைந்தாலும் பம்ப் காற்றை இழுக்கும்.

வெயிலில் சூடு எச்சரிக்கை வந்தால்?

ஓரமாக நிறுத்தி பி.யில் (பார்க்கிங்) போட்டு இன்ஜினை ஓடவிடுங்கள், ஃபேனும் பம்ப்பும் சேர்ந்து குளிர்விக்கும். வேளாங்கண்ணித் திருவிழாச் சமயத்தில் மணிக்கணக்கில் ஊரும்போது இது வரும். பல கார்களில் 20 கி.மீ. வேகத்தை ஒட்டித்தான் கன்வர்ட்டர் லாக் ஆகும். அதற்குக் கீழே ஊரும்போதெல்லாம் கன்வர்ட்டர் வழுக்கி, வழுக்கலெல்லாம் சூடாக மாறுகிறது. அப்போது டி.சி.எம். இன்ஜினை அடக்கி வாசிக்கச் சொல்லும்.

இன்னொன்று, பங்குனியில் உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் ஓட்டிவிட்டு வந்தால் தூசும் சருகும் ரேடியேட்டர் முகப்பில் அப்பிக்கொள்ளும். பல கார்களில் சி.வி.டி. ஆயிலைக் குளிர்விப்பதும் அதே ரேடியேட்டர் தண்ணீர்தான். சர்வீஸில் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சைலன்சரில் சருகு சுற்றித் தீப்பிடிக்கும் ஆபத்து தனி.

பேட்டரி மாற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடுமா?

கெடாது. சில வண்டிகளில் டி.சி.எம். கற்றுவைத்த சின்னச் சின்னத் திருத்தங்கள் போய்விடும், கொஞ்ச நாள் லேசாக இடிக்கும், திரும்பக் கற்றுக்கொள்ளும். ஆனால் வால்வ் பாடியையோ டி.சி.எம்.மையோ மாற்றினால் கதை வேறு. ஒவ்வொரு சொலினாய்டின் குணமும் நூலிழை வித்தியாசப்படும். அந்த அளவுகளைப் பல கம்பெனிகள் தனியாகக் குறித்துத் தருகின்றன, அதை ஸ்கேனரில் எழுத வேண்டும். எழுதாமல் பழைய வண்டியிலிருந்து எடுத்து மாட்டினால், 20 பார் என்று கம்ப்யூட்டர் நினைக்கும் இடத்தில் வேறு அழுத்தம் இருக்கும்.

சோர்ந்த பேட்டரியை மட்டும் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். வோல்டேஜ் சரிந்தால் தொடர்பில்லாத கோடுகளெல்லாம் கொத்தாக வரும்.

சிக்னலில் என்.க்கு மாற்றணுமா?

வேண்டாம். டி.யில் பிரேக்கை மிதித்து நில்லுங்கள். ரயில்வே கேட் மாதிரி நீண்ட நிறுத்தம் என்றால் பி.

பழைய சி.வி.டி. கார் வாங்கலாமா?

தாராளமாக, பார்த்து வாங்கினால். காலையில் குளிர்ந்த வண்டியைப் பாருங்கள்; விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். டி., ஆர். போட்டதும் ஓரிரு நொடிக்குள் லேசாகப் பிடிக்க வேண்டும். பிறகு அரைமணி ஓட்டிச் சூடாக்கி, 20இலிருந்து 60 வரை மெதுவாக, ஒரே மிதியில் ஏற்றிப் பாருங்கள். உடுக்கை அடிக்கிற மாதிரி நடுக்கம் இருந்தால் பெல்ட்டோ லாக்கப்போ பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடிக்கிறது. வேகத்தோடு சேர்ந்து ஏறும் ரீங்காரம் இருந்தால் பேரிங்காக இருக்கலாம், பெல்ட் தடமாகவும் இருக்கலாம். ஸ்கேனரை மாட்டி, கேட்கும் அழுத்தமும் வரும் அழுத்தமும் ஒட்டிப் போகின்றனவா என்று பாருங்கள். கோடு எதுவும் இல்லாமல், எல்லாமே நேற்றுத்தான் அழிக்கப்பட்டது போலச் சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆயில் மாற்றிய பில் இருந்தால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

ஏ.எம்.டி.யும், ஹைப்ரிட் வண்டியின் இ-சி.வி.டி.யும் இதே ரகமா?

இரண்டுமே இல்லை. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் லீவரையும் உங்களுக்குப் பதில் மோட்டாரோ ஆயிலோ இயக்குகிறது. 2022இல் பலேனோவிலிருந்து சி.வி.டி.யை எடுத்துவிட்டு அதைத்தான் வைத்தார்கள். டொயோட்டா ஹைப்ரிட்டில் இருக்கும் இ-சி.வி.டி.யில் புல்லியும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. பிளானட்டரி கியரும் இரண்டு மின் மோட்டார்களும் சேர்ந்து விகிதத்தை மாற்றுகின்றன. மேலே பெல்ட்டைப் பற்றிச் சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. எலி மட்டும் பொருந்தும்.